பறிமுதல் மீன்

மலைமேல் அணைக்குக் கீழே இருந்த ஏரியில் ட்ரவுட் மீன்கள் வாழ்ந்தன. அவற்றைத் தின்று நீர்நாய்களும் நீர்க்காகங்களும் ஒரு பருந்தும் வாழ்ந்தன. தின்பதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் வயிறு இருக்கிறது.

அணையின் அடிமதகு வழியாகத்தான் அந்த ஏரிக்குத் தண்ணீர் வரும். வெயில் எட்டாத ஆழத்திலிருந்து வருவதால் சித்திரை மாதத்திலும் பல் கூசும். ட்ரவுட் மீனுக்கு அந்தக் குளிர் வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் அது மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

மதகுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு சின்ன ஓடை. அடியெல்லாம் கூழாங்கல். குளிர்காலத்தில் தாய் மீன்கள் ஏரியை விட்டு இந்த ஓடைக்கு ஏறி வரும். வாலால் கல்லை விலக்கிக் குழி பறித்து, முட்டையிட்டு, மறுபடி கல்லை மூடிவிட்டுப் போகும். ஓடையில் தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இருக்காது. மீன்களின் முதுகே வெளியில் தெரியும். குருடன்கூட அங்கே மீன் பிடிக்கலாம்.

அதனால்தான் அங்கே யாரும் பிடிப்பதில்லை. புல்லில் முதல் உறைபனி விழுந்த நாள் முதல், கரையிலிருக்கும் காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூக்கிற நாள் வரை, கூழாங்கல் ஓடையில் யாரும் வாய் வைக்கக் கூடாது. இதுதான் ஏரியின் வழக்கம். காவல் கிடையாது, தண்டனை கிடையாது. அப்படியும் எல்லோரும் அதை மதித்தார்கள்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி சுருங்கியது. மிச்சமிருந்த மீன்கள் ஆழத்துக்குப் போய்விட்டன. பசி தாங்காத ஒரு நீர்க்காகம் விடியற்காலையில் ஓடைக்கு வந்து, ஒரு தாய் மீனைத் தூக்கிக்கொண்டு போனது. அதைப் பார்த்து இன்னொரு நீர்க்காகம் வந்தது. மறுவருஷம் நல்ல மழை. ஏரி நிரம்பியது. நீர்க்காகங்கள் மட்டும் ஓடையை விடவில்லை. சுலபமாகக் கிடைத்து ருசி கண்டுவிட்டால் யார்தான் விடுவார்கள்?

இதையெல்லாம் நஞ்சி என்ற நீர்நாய் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த ஏரியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. கீழே போனால் தேயிலைத் தோட்டத்து வாய்க்கால்தான். அதில் பூச்சிமருந்து கலந்த தண்ணீர் ஓடும். குட்டி போட்டு வளர்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வளர்க்க வேண்டும். இங்கே மீன் இருக்க வேண்டும்.

அவள் கூட்டம் கூட்டினாள்.

ஏரிக்கரையில் எல்லோரும் கூடினார்கள். கடமான் தலைமை தாங்கியது. கடமானுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சம்பந்தமும் இல்லை. அது புல் தின்னும், ஏரியில் தண்ணீர் குடிக்கும், அவ்வளவுதான். "மீன் திங்காதவர் தலைவரா இருந்தாத்தான் நியாயம் இருக்கும்!" என்று எல்லோரும் சேர்ந்து அதைத் தலைவராக்கியிருந்தார்கள். கொம்பும் பெரிதாக இருந்தது.

"தலைவரே, ஓடைக்குக் காவல் போடணுங்க!" என்றாள் நஞ்சி. "தாய் மீனைத் தின்னா அடுத்த வருஷம் குஞ்சு ஏது? குஞ்சு இல்லைன்னா நம்ம எல்லாரும் எதைத் திங்கிறது?"

"நல்ல யோசனை!" என்றது கடமான். "யார் காவல் இருக்கிறது?"

"நானே இருக்கிறேனுங்க."

"காவல் இருந்தா நீ ஏரியில மீன் பிடிக்க முடியாதே. கூலி?"

நஞ்சி இதையும் யோசித்து வைத்திருந்தாள். "ஏரியில மீன் பிடிக்கிற எல்லாரும் ஆளுக்கொரு மீன் வாரத்துக்கு ஒருதரம் கொடுத்தாப் போதும்."

நீர்க்காகங்கள் இறக்கையைக் கோத ஆரம்பித்தன. பருந்து ஆகாயத்தைப் பார்த்தது. மற்ற நீர்நாய்களுக்கு அப்போதுதான் காது அரித்தது.

கடைசியில் பருந்து தொண்டையைச் செருமியது. "எதுக்கு எல்லாருக்கும் கஷ்டம்? திருடன் பிடிச்ச மீனைக் காவல்காரர் பறிமுதல் பண்ணட்டும். அந்த மீன் காவல்காரருக்கே கூலி. யார் கையை விட்டும் ஒண்ணும் போகாது!"

"ஆகா!" என்றது கூட்டம். எல்லோருக்கும் காது அரிப்பு நின்றுவிட்டது.

நஞ்சியும் தலையாட்டினாள். அதுதான் அவள் செய்த தப்பு. திருடனிடமிருந்து பிடுங்கித் தின்பது நியாயமாகத்தானே இருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

முதல் உறைபனி விழுந்தது. நஞ்சி ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்தாள்.

தாய் மீன்கள் ஏறி வந்தன. முன்னால் வந்தவள் செவ்வரி. பக்கவாட்டில் செக்கச்செவேல் என்று ஒரு கோடு ஓடும், அதனால் அந்தப் பெயர். ஏரியிலேயே பெரிய மீன் அவள்தான். போன கோடையில் நஞ்சி அவளை இரண்டு முறை துரத்தியிருக்கிறாள். இரண்டு முறையும் நஞ்சியின் வாயில் தண்ணீர்தான் கிடைத்தது.

பாறையில் நஞ்சியைப் பார்த்ததும் செவ்வரி அப்படியே நின்றுவிட்டாள்.

"பயப்படாதே," என்றாள் நஞ்சி. "இப்ப நான் உன் காவல்."

"அப்புறம்?"

"பூவரசு பூத்ததும் மறுபடி துரத்துவேன்."

"துரத்து!" என்றாள் செவ்வரி. "என் முட்டை கல்லுக்குள்ள பத்திரமா இருந்தாப் போதும். அப்புறம் உன் கால் பெரிசா என் வால் பெரிசா பார்க்கலாம்."

இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது. பகை என்றால் அப்படித்தான் ஒரு ஒழுங்கோடு இருக்க வேண்டும்.

நஞ்சி நல்ல காவல்காரி. நீர்க்காகத்தின் நிழல் ஓடைமேல் விழுந்த உடனே விசிலடிப்பாள். பல்லைக் காட்டிக்கொண்டு ஓடுவாள். நீர்க்காகம் அலகை நனைக்கும் முன்பே பறந்துவிடும். அந்தக் குளிர்காலம் முழுக்க ஓடையில் ஒரு மீன்கூடத் திருட்டுப் போகவில்லை.

திருட்டே போகவில்லை என்றால் பறிமுதல் ஏது? பறிமுதல் இல்லை என்றால் கூலி ஏது? நஞ்சி ஓடைக்கரையில் நண்டும் தவளையும் தேடித் தின்றாள். உறைபனிக் காலத்தில் தவளை எங்கே கிடைக்கிறது? அவள் விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது. இருந்தாலும் பூவரசு பூத்தபோது ஓடை நிறைய, ஊசி ஊசியாக மீன் குஞ்சுகள் துள்ளின. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பசியே தெரியவில்லை.

மறுபடி கூட்டம். கடமான் கேட்டது: "என்னம்மா நஞ்சி, எத்தனை திருட்டைப் பிடிச்சே?"

"ஒண்ணும் நடக்கலைங்க!" என்றாள் நஞ்சி பெருமையாக.

"ஒண்ணுமா?" கடமான் நெற்றியைச் சுளித்தது. "அப்போ மூணு மாசம் என்னதான் பண்ணினே?"

"விரட்டினேனுங்க."

"யாரை?"

"திருட வந்தவங்களை."

"திருடறதுக்கு முந்தியே விரட்டினா அவங்க திருடங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றது ஒரு நீர்க்காகம். "நாங்க குளிக்க வந்தோம். குளிக்கக்கூட விடாம இவ கடிக்க வந்தா, தலைவரே! என் வால் சிறகு ஒண்ணைக் காணோம்!"

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. மற்ற நீர்நாய்கள்கூட நஞ்சியை ஒரு மாதிரி பார்த்தன.

"ஓடையில குஞ்சுகளைப் பாருங்க!" என்றாள் நஞ்சி. "அதுதான் என் வேலை!"

எல்லோரும் ஓடையை எட்டிப் பார்த்தார்கள். ஊசி அளவு குஞ்சுகள். பசிக்கு ஆகாது, பார்வைக்கும் ஆகாது.

"இதுவா?" என்றது கடமான். "சரி, சரி. நீ இளைச்சுப் போயிட்டே. ஓய்வெடு. அடுத்த வருஷம் வேற யாராவது பார்க்கட்டும்."

"நான் இருக்கேன்!" என்று பருந்து முன்னால் வந்தது. "என் கண்ணுக்குத் தப்பி ஒரு திருடன் போகட்டும் பார்க்கலாம்!"

அடுத்த உறைபனிக்குப் பருந்து காவல் ஏறியது. ஓடைக்கு மேலே ஒரு பட்டமரம் இருந்தது. அதன் உச்சியில் உட்கார்ந்தது.

ஒரு நாள் காலை நஞ்சி அந்தப் பக்கமாக வந்தாள். ஓடைக்குள் ஒரு நீர்க்காகம் ஹாயாக நின்றுகொண்டிருந்தது. பருந்து மரத்தின் மேல் கண்ணை மூடியிருந்தது.

"ஏய் பருந்து! கண்ணைத் திற! திருடன்!" என்று கத்தினாள்.

"இரு, இரு!" என்றது பருந்து மெதுவாக. அது தூங்கவில்லை. ஒரு கண் அரையளவு திறந்துதான் இருந்தது. "இன்னும் பிடிக்கலையே! பிடிச்சாத்தானே திருட்டு? போன வருஷம் கூட்டத்துல கேட்டே இல்லே?"

நீர்க்காகம் ஒரு மீனைப் பிடித்து விழுங்கியது. இன்னொன்றையும் விழுங்கியது. மூன்றாவது மீனை அலகில் கவ்விக்கொண்டு மேலே எழும்பியது. அப்போதுதான் பருந்து பாய்ந்தது.

"பறிமுதல்!"

நீர்க்காகம் மீனை விட்டுவிட்டு, கத்திக்கொண்டே பறந்துபோனது. அந்தக் கத்தலில் வலி இல்லை என்பதை நஞ்சி கவனித்தாள். பிடிக்கிற மூன்றில் இரண்டு அதற்கு, ஒன்று பருந்துக்கு. முதல் நாளே பேசி முடித்திருந்தார்கள்.

பறிமுதல் செய்த மீனைப் பருந்து பட்டமரத்துக் கிளையில் தொங்கவிடும். தின்ற பிறகு முள்ளையும் தொங்கவிடும். ஏரிக்கு வருகிற எல்லோருக்கும் அது தெரியும்.

"அடேயப்பா! இன்னிக்கு ஏழு!" என்பார்கள். "இதுவல்லவா காவல்! போன வருஷம் இருந்தாளே ஒருத்தி!"

நஞ்சி கடமானிடம் ஓடினாள். "தலைவரே, அங்கே தொங்குறது திருடன் இல்லைங்க, நம்ம மீன்! ஒவ்வொண்ணும் முட்டையோட செத்த தாய் மீன்!"

"திருடினது நீர்க்காகம். பிடிச்சது பருந்து," என்றது கடமான் புல்லை அசை போட்டபடி. "இதுல பருந்து மேல என்ன தப்பு? உனக்குப் பொறாமை, நஞ்சி."

மறுநாளே செவ்வரியின் முறை வந்தது.

வயிறு நிறைய முட்டையோடு அவள் குழி பறித்துக்கொண்டிருந்தாள். பாறையில் நஞ்சி உட்கார்ந்திருக்கிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பாறை காலியாக இருந்தது. மரத்தின் மேல் யாரோ காவல் இருப்பது தெரிந்தது. சரி, யாராயிருந்தால் என்ன, காவல் காவல்தான் என்று மறுபடி குழி பறிக்கக் குனிந்தாள். நீர்க்காகம் அவளைப் பின்னாலிருந்து கவ்வியது.

"பறிமுதல்!" என்று பருந்து பாய்ந்தது. செவ்வரியின் கனத்துக்குப் பருந்தால் தூக்க முடியவில்லை. இழுத்துக்கொண்டுபோய்ப் பாறைமேல் போட்டது. ஆரஞ்சு நிற முட்டைகள் பாறையெல்லாம் சிதறின.

நஞ்சி தலைதெறிக்க ஓடி வந்தாள். "உயிர் இருக்கு! அவளுக்கு இன்னும் உயிர் இருக்கு! தண்ணியில விடு!"

"விடறதா?" பருந்து காலை எடுக்கவில்லை. "இது பறிமுதல் பண்ணின மீன். பறிமுதல் பண்ணினதைத் திருப்பி விடச் சட்டத்துல இடம் இல்லை."

"அவ முட்டை போடணும்! ஏரிக்கே பெரிய மீன் அவ!"

"விட்டுட்டா என் கூலி?"

"நான் தர்றேன்! கோடை முழுக்க நான் பிடிக்கிறதுல பாதி உனக்கு!"

"தனியாளுகிட்டக் கூலி வாங்கினா அது லஞ்சம்," என்றது பருந்து.

சத்தம் கேட்டுக் கடமான் வந்தது. இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டது. நஞ்சி சொன்னதைக் கேட்டு முடித்து, பருந்து சொன்னதைக் கேட்டது. பருந்து சொல்லி முடித்ததும், நஞ்சி முதலில் சொன்னது மறந்துவிட்டது என்று மறுபடி சொல்லச் சொன்னது. பாறைமேல் செவ்வரியின் செவுள் விரிந்து மூடியது. பிறகு நேரம் கழித்து விரிந்தது. பிறகு விரியவில்லை.

"சட்டத்தைப் பார்த்தா..." என்று கடமான் தொடங்கியது.

"செத்துட்டா," என்றாள் நஞ்சி.

"அப்போ வழக்கு முடிஞ்சுது," என்று கடமான் போய்விட்டது. அதற்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

நஞ்சி பாறையில் கிடந்த முட்டைகளை ஒவ்வொன்றாக மூக்கால் தள்ளித் தண்ணீரில் விட்டாள். அதில் பயன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆண் மீன் சேராத முட்டை வெறும் முட்டை. இருந்தாலும் எல்லாவற்றையும் தள்ளி முடிக்கிறவரை அவள் அங்கிருந்து போகவில்லை.

அந்த வருஷம் பூவரசு பூத்தபோது ஓடையில் குஞ்சு இல்லை. பருந்துக்குக் கூட்டத்தில் கைதட்டல் கிடைத்தது.

மூன்றாவது உறைபனியில் ஓடைக்கு ஏறி வந்தவை எல்லாம் சாண் நீள மீன்கள். நஞ்சி பட்டினி கிடந்து காத்தாளே, அந்தக் குஞ்சுகள்தான் வளர்ந்து, முதல் முறையாக முட்டையிட வந்திருந்தன. நஞ்சிக்கு அவற்றை அடையாளம் தெரிந்தது. மூன்றே வாரத்தில் அவை எல்லாம் பட்டமரத்தில் தொங்கின. சின்ன மீன்கள் என்பதால் எண்ணிக்கை இன்னும் அதிகம். கூட்டத்தில் கைதட்டலும் அதிகம்.

அந்தக் கோடையில் நஞ்சி இரண்டு குட்டிகள் போட்டாள். பெரிய குட்டி பலசாலி. சின்னக் குட்டி மெலிந்தது. ஏரியை இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தினாலும் நாளுக்கு ஒரு மீன் கிடைப்பதே பாடாக இருந்தது. பால் வற்றியது. ஐப்பசி மாதத்து மழையில் சின்னக் குட்டி செத்துப்போனது. அதைக் கொன்றது யார் என்று யாரும் கூட்டம் கூட்டிக் கேட்கவில்லை.

நான்காவது உறைபனி விழுந்தது. ஓடையில் கூழாங்கற்கள் பளபளவென்று மின்னின. அவற்றின்மேல் ஒரு வால்கூட ஆடவில்லை. நீர்க்காகங்கள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு, வேறு ஊருக்குப் பறந்துபோயின.

பூவரசு பூத்ததும் கூட்டம். பருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தது.

"தலைவரே! இந்த வருஷம் ஓடையில ஒரே ஒரு திருட்டுகூட நடக்கலை! திருடங்க எல்லாம் எனக்குப் பயந்து ஊரை விட்டே ஓடிட்டாங்க!"

கரை அதிரக் கைதட்டினார்கள். காட்டுப் பூவரசுப் பூவை மாலையாகக் கட்டிக் கடமான் பருந்தின் கழுத்தில் போட்டது.

"திருட மீன் எங்கேங்க இருக்கு?" என்று நஞ்சி கத்தினாள்.

"ஒருத்தருக்கு நல்ல பேர் வந்தா உனக்குப் பொறுக்காதே!" என்றார்கள். இப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் பசியோடு இருந்தார்கள். இருந்தாலும் சொன்னார்கள்.

அப்போது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கீரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. "எங்க ஏரியிலயும் ட்ரவுட் திருட்டு தாங்க முடியலைங்க. இங்கே பெரிய காவல்காரர் இருக்கார்னு கேள்விப்பட்டோம். எங்களுக்கு அனுப்பி வைக்கணும்!"

நஞ்சி கீரியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "வேணாம் தம்பி, என் பேச்சைக் கேளு. காவல் போடு, வேணாம்னு சொல்லலை. ஆனா பறிமுதல் மீனை மட்டும் காவல்காரனுக்குக் கூலியாக் கொடுக்காதே. எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் உங்க பங்கிலிருந்து கொடுங்க."

கீரி யோசித்தது. "எங்க பங்கிலிருந்தா?"

"ஆமா."

"அதுக்கு எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்களே அக்கா!" என்றது கீரி. பிறகு பட்டமரத்தைப் பார்த்தது. இரண்டு வருஷத்து முள்ளெல்லாம் அங்கே வெயிலில் வெள்ளை வெளேர் என்று தொங்கின. "அடேயப்பா! எவ்வளவு பிடிச்சிருக்கார்!"

மறுநாள் காலை பருந்து மாலையோடு மலையைத் தாண்டிப் பறந்தது. கீழே கீரி துள்ளிக்கொண்டு ஓடியது.

நஞ்சியும் அன்றைக்கே கிளம்பினாள். மிஞ்சியிருந்த ஒரே குட்டி பின்னால் வந்தது. தேயிலைத் தோட்டத்து வாய்க்கால் வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழி இல்லை. அந்தத் தண்ணீரில் குட்டி பிழைக்குமா என்பதும் அவளுக்குத் தெரியாது.

கரையில் கடமான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"எங்கேம்மா கிளம்பிட்டே?"

"மீன் இருக்கிற இடத்துக்குங்க."

கடமானுக்கு ஆச்சரியமாக இருந்தது. அது ஏரியைப் பார்த்தது. அடி வரைக்கும் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. சில்லென்று இருந்தது, தித்திப்பாக இருந்தது. அதன் வாழ்நாளில் ஏரித் தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருந்ததே இல்லை.

"இதை விட்டுட்டா போறே?" என்றது அது, மனசார. "இந்த மலையிலேயே நல்லாக் காவல் காத்த ஏரி இதுதானே!"

நஞ்சி குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள்.

திருட்டு நடந்தால்தான் காவலனுக்குச் சோறு என்று வைக்கும் ஊரில், காவலன் திருட்டைத்தான் காப்பாற்றுவான்.